டெல்லியில் ஈச்சமேட்டின் பேர் கேட்ட நாள்

யாழினி, கதிர், ரெண்டு பேரும் அடித்துக்கொள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள். யாழினி சத்தமாகப் படிக்கட்டும். கதிர் நடுவில் கேள்வி கேட்கலாம், ஆனால் தாளைப் பிடித்து இழுக்கக் கூடாது.

போனில் நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். "நைனா, டெல்லில இன்னா பார்த்த?" நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை போனைப் பிடுங்கி, "எனக்கு ஸ்வெட்டர் வாங்கியாந்தியா இல்லியா?" என்று ஆரம்பித்துவிட்டாள். போனில் சொன்னால் பாதிதான் வந்து சேரும். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து, தப்பு இருந்தால் யாழினி திருத்திக்கொள்.

எதற்காகப் போனேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் முதலிலிருந்தே சொல்கிறேன். நம் ஈச்சமேட்டுக்குள் வர அந்தத் தரைப்பாலத்தை விட்டால் வேறு வழி கிடையாது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிய ஆரம்பித்தால், ஓடைத் தண்ணீர் பாலத்துக்கு மேலே ஏறி ஓடும். ஐப்பசி, கார்த்திகை முழுக்க அதே கதை. டிராக்டர் போகும். பஸ் வராது. சைக்கிள் போகாது. நீங்கள் பள்ளிக்கூடம் போக முடியாது. அதனால்தான் மழை பிடித்ததும் உங்களைக் கொண்டுபோய் உத்திரமேரூரில் அத்தை வீட்டில் விடுகிறோம். நம் தெருவில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். மழைக்காலத்தில் ஊரில் பிள்ளைச் சத்தமே கேட்பதில்லை. உங்கள் அம்மா சில நாள் மறந்துபோய் உங்கள் பாயையும் சேர்த்து விரித்துவிடுவாள். பிறகு சுருட்டி வைப்பாள்.

சுதந்திர தினத்துக் கிராம சபைக்கு நம் எம்.பி. வந்தாரே, நினைவிருக்கிறதா? ஊரே அக்கா அக்கா என்றுதான் கூப்பிடும். அவரும் நடவு, அறுப்பு என்று வளர்ந்தவர்தான். சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டால் கையில் எடுத்துக்கொண்டு நடப்பவர். அன்றைக்கும் அப்படித்தான் வந்தார்.

நம் ஊர்க் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் எழுந்து ஒரு குறையைச் சொன்னால், அந்தக் குறை யாருக்கெல்லாம் இருக்கிறதோ அத்தனை பேரும் எழுந்து நிற்க வேண்டும். பேசுகிறவர் முடிக்கும் வரை உட்காரக் கூடாது. இவர் தனக்காகப் பேசவில்லை, இத்தனை பேருக்காகப் பேசுகிறார் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அன்றைக்கு நான் தரைப்பாலத்தைப் பற்றிப் பேசினேன். முக்கால் ஊர் எழுந்து நின்றது. அக்கா சுற்றிலும் பார்த்துவிட்டு, "பார்லிமெண்ட்ல பேசறேன்" என்றார்.

ஏகாம்பரம் மாமா சும்மா இருப்பாரா? உங்கள் அம்மாவுக்கு அண்ணனாகப் பிறந்ததே வம்பு பேசத்தான். பால் வண்டி ஓட்டுகிறவர். தண்ணீர் ஏறினால் அவருடைய கேன் எல்லாம் இந்தப் பக்கமே திரிந்துபோகும். நின்ற வாக்கிலேயே கேட்டார்.

"வர்றவங்க எல்லாம் இதான் சொல்லிக்கினு கீறாங்க. பேசினாங்களா இல்லியான்னு அங்க யாரு போயி பார்த்தா?"

கூட்டம் சிரித்தது. அக்காவுக்குக் கோபம் வரவில்லை. "அப்ப நீயே வந்து பாரு அண்ணே. மேல குந்திக்கினு பார்க்கறதுக்கு எடம் கீது. ரெண்டு பேரா வாங்க. நான் பாஸ் வாங்கித் தரேன்" என்றார்.

கேள்வி கேட்டதற்காக மாமாவையும், பேச்சை ஆரம்பித்ததற்காக என்னையும் ஊர் அனுப்பி வைத்தது.

கார்த்திகை மழையில் கிளம்பினோம். தரைப்பாலத்தில் டிராக்டர் சக்கரம் பாதி முழுகியது. பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மாமா சொன்னார்: "இத இப்பிடியே தூக்கிக்கினு போயி டெல்லில காட்டணும் மாப்ள."

ரயிலில் உங்கள் அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறும் கருவாட்டுத் தொக்கும் இருந்தன. மாமா தொக்கு டப்பாவைத் திறந்ததும் எதிரில் இருந்த வடநாட்டுக் குடும்பம் ஒன்றாக எழுந்து ஜன்னலை ஏற்றியது. அந்த வீட்டுக்காரர் மனைவியிடம் இந்தியில் என்னவோ சொன்னார். பக்கத்து சீட்டு ராணுவக்காரர் தமிழில் சொல்லிக் கொடுத்தார்: "ஏதோ செத்துப்போயிருக்குன்னு டி.டி.ஆர் கிட்ட சொல்லணுமாம்." மாமா அசரவில்லை. "செத்துதான் போயிருக்கு. மீனு" என்றார். ராணுவக்காரர் அதையும் மொழிபெயர்த்தார். மறுநாள் மதியம் அந்த அம்மாவே பூரியும் உருளைக்கிழங்கும் எடுத்து எங்கள் பக்கம் நீட்டினார். மாமா பதிலுக்குத் தொக்கை நீட்டினார். அந்த அம்மா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

டெல்லியில் இறங்கியதும் குளிர் நேராக எலும்புக்குப் போனது. நம் ஊர் மார்கழி இதற்குத் தங்கச்சி கூட இல்லை. வாயைத் திறந்தால் புகை வருகிறது. மாமா அதை ஒரு விளையாட்டாகவே வைத்துக்கொண்டார். பீடி பிடிக்கிற மாதிரி விரலை வைத்துக்கொண்டு ஊதிக்கொண்டே நடந்தார். வானம் மட்டும் பிடிக்கவில்லை. அறுப்பு முடிந்து தாளைக் கொளுத்தினால் நம் கழனிப் பக்கம் ஒரு சாயங்காலம் எப்படி இருக்கும்? அங்கே பகல் முழுக்க அப்படி இருக்கிறது. சூரியனை நேராகப் பார்க்கலாம், கண் கூசாது.

அக்காவின் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு அறையில் எங்களைத் தங்க வைத்தார்கள். அக்காவின் உதவியாளர் பாலாஜி என்று ஒரு தம்பி. காஞ்சிபுரத்து நெசவாளி வீட்டுப் பிள்ளை, ஏனாத்தூரில் படித்தவன். ரஜாய் என்று பஞ்சு அடைத்த போர்வை கொடுத்தான், இஞ்சி தட்டிப் போட்ட டீ கொடுத்தான், பிறகு ஒரு குண்டையும் போட்டான்.

"நாளைக்கு அக்கா பேசுவாங்களான்னு இன்னும் தெரியாதுண்ணா. பேரு வரணும்."

"பேரு வரணும்னா?"

"பேசணும்னு எல்லா எம்.பி.யும் பேர் குடுப்பாங்க. எல்லாருக்கும் நேரம் பத்தாது இல்ல? அதனால சாயங்காலம் குலுக்கல் போடுவாங்க. வந்தவங்க மறுநாள் பேசலாம். வராதவங்க திரும்பவும் பேர் குடுக்கணும்."

நான் கலங்கிப்போனேன். திரும்பி வர டிக்கெட் போட்டாகிவிட்டது. மாமாவோ துள்ளினார். "குலுக்கலா? அட, நம்ம கொடவோல மாப்ள!" பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போய்க் காட்டினார்களே, உத்திரமேரூர்க் கோயில் சுவரில் கல்வெட்டு, பானையில் ஓலை போட்டுக் குலுக்கி ஆள் எடுத்த கதை, அதைத்தான் சொன்னார். "நம்ம ஊரு குலுக்கல்ல நம்ம பேரு வராம பூடுமா?" என்றார்.

பூட்டது. அன்றைக்குப் பேர் வரவில்லை.

மறுநாள் சும்மா இருக்க வேண்டாம், மெட்ரோவில் போய் ஊரைப் பாருங்கள் என்று பாலாஜி அனுப்பினான். காலை நாஷ்டாவுக்கு வழியில் ஒரு கடையில் பராத்தா சாப்பிட்டோம். உள்ளே உருளைக்கிழங்கு, மேலே வெண்ணெய், பக்கத்தில் தயிர், ஊறுகாய். "இது நாஷ்டாவா, பந்தி சாப்பாடா?" என்று கேட்டுக்கொண்டே மாமா மூன்று தின்றார். நான் இட்லியை நினைத்துக்கொண்டே இரண்டு தின்றேன்.

மெட்ரோவில்தான் பேஜார். நம் ஊர் பஸ்ஸில் பெண்களும் பிள்ளைகளும் ஏறிய பிறகுதான் நாம் ஏறுவோம், கண்டக்டர் பார்த்து விசில் கொடுப்பார். அங்கே கதவு யாருக்காகவும் நிற்பதில்லை. மாமா உள்ளே போய்விட்டார். நான் ஒரு அம்மாவுக்கு வழி விட்டேன். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் மாமாவின் வாய் மட்டும் அசைந்தது. ரயில் போய்விட்டது. அவருடைய போன் என் பையில். டெல்லியில் திருடர்கள் அதிகம் என்று அவரேதான் என்னிடம் கொடுத்து வைத்திருந்தார்.

அடுத்த ரயிலில் ஏறி அடுத்த ஸ்டேஷனில் இறங்கினேன். கூட்டத்தில் எந்தப் பக்கம் தேடுவது? உங்கள் அம்மாவிடம் இன்னா பதில் சொல்வது? அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னா அண்ணா, உன் மச்சான் இங்க கீறாரு!"

திரும்பினால் நீலச் சட்டை போட்ட ஒரு வாலிபன். முகம் வடநாட்டு முகம், வாயில் நம் ஊர்ப் பேச்சு. பக்கத்தில் மாமா நிம்மதியாக வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். தனியாக நின்று "மாப்ள, மாப்ள" என்று கத்தியிருக்கிறார். அந்தத் தம்பி ஓடி வந்து பிடித்துக்கொண்டான். பேர் ராகேஷ். பீகார்க்காரன். நம் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சில வருஷம் வேலை பார்த்தவன், இப்போது அந்த ஸ்டேஷனில் துப்புரவு வேலை. தமிழ் எங்கே கற்றாய் என்று கேட்டேன். "வாலாஜாபாத்ல ரூமு அண்ணா. வூட்டுக்காரம்மா வாடக கேட்டு கேட்டு கத்துக்குடுத்துச்சி" என்றான்.

என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டான். சொன்னோம். அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"எங்க ஊர்லயும் ஆறு அண்ணா. மழை வந்தா படகுதான். படகுக்காரன் வரலன்னா ஸ்கூல் இல்ல. வாரம் வாரமா போவ மாட்டேன். அப்பறம் போவவே இல்ல. எட்டாவது." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என் கையைப் பிடித்தான். "அந்த மேடம் கிட்ட சொல்லு அண்ணா, நல்லா பேசச் சொல்லு."

ஒரு கை கடலையை மாமாவின் சட்டைப் பையில் போட்டுவிட்டுத்தான் போனான். அதற்கு மேல் எங்களுக்கு ஊர் சுற்றிப் பார்க்க மனசில்லை. அறைக்கே திரும்பிவிட்டோம்.

சாயங்காலம் பாலாஜி போனைப் பார்த்துக் கையைத் தூக்கினான். பேர் வந்துவிட்டது! மாமா அவனைக் கட்டிப் பிடித்தார்.

மறுநாள் காலை பாராளுமன்றத்துக்குப் போனோம். செக்கிங் ஒன்றா இரண்டா? போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாமாவின் இடுப்பு மடிப்பில் இருந்து ஒரு குட்டி டப்பா வந்தது. காவலர் திறந்து பார்த்தார். வெள்ளையாக ஏதோ பசை. இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் மூன்றாவது ஆளைக் கூப்பிட்டார்.

"சுண்ணாம்பு சார்" என்றார் மாமா. அவர்களுக்குப் புரியவில்லை. வெற்றிலை போடுவது மாதிரி விரலால் தடவி, மடித்து, வாயில் போட்டு, மென்று, துப்பியும் காட்டினார். மூன்றாவது ஆள் மட்டும் சிரித்தார். டப்பா திரும்பி வரவில்லை.

மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தோம். அங்கே பேசக் கூடாது, கைதட்டக் கூடாது, எழக் கூடாது, முன்னால் சாயக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது. பாலாஜி சொல்லித்தான் அனுப்பியிருந்தான். கீழே பெரிய மண்டபம், பச்சை விரிப்பு, வரிசை வரிசையாக இருக்கை. நம் அக்கா பின் வரிசையில் சின்னதாகத் தெரிந்தார். கையில் தாள்.

ஆரம்பித்து ஒரு டீ குடிக்கிற நேரம் கூட ஆகவில்லை. வேறு ஏதோ விஷயத்துக்காக ஒரு பக்கத்து ஆட்கள் எழுந்து கத்தினார்கள். எதிர்ப்பக்கத்து ஆட்களும் எழுந்து கத்தினார்கள். சபைத் தலைவர் உட்காருங்கள் உட்காருங்கள் என்றார். யாரும் உட்காரவில்லை. சபையை ஒத்தி வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான். அக்கா தாளை மடித்துக்கொண்டு வெளியே போனார். வந்த பேரும் போச்சு, இனி திரும்பவும் குலுக்கல்தானாம்.

வெளியே வந்ததும் மாமா பொரிந்து தள்ளினார். "இன்னா சண்ட இது? நம்ம கிராம சபைல கூட ஒருத்தன் திட்டி முடிச்சப்பறம்தான் இன்னொருத்தன் திட்டுவான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் ராத்திரி ரயில். மிச்சம் இருந்தது ஒரே ஒரு நாள். ஊர் எங்களை அனுப்பியது அக்கா பேசுவதைப் பார்க்கத்தான். அவர் பேசாமலே நாங்கள் திரும்பிப் போனால், இனி எந்தக் கூட்டத்திலும் தரைப்பாலத்துக்காக ஒருத்தரும் எழுந்து நிற்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நிற்க ஆளில்லாத குறையை ஊர் மறந்துவிடும். அப்புறம் நீங்கள் படித்து முடிக்கிற வரைக்கும் ஒவ்வொரு மழைக்கும் அத்தை வீடுதான்.

அன்று சாயங்காலம் பாலாஜியின் போனை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். ரொட்டி ஆறிப்போனது. சமையல்காரர் சாம்பார் என்று ஒன்று கொண்டுவந்து வைத்தார். உள்ளே தக்காளியும் சர்க்கரையும்தான் இருந்தன, அதுவும் ஆறிப்போனது. போன் அடித்தது. பாலாஜி கேட்டான், கண்ணை மூடினான், திறந்தான். "வந்துடிச்சிண்ணா. திரும்பவும் வந்துடிச்சி."

அக்கா அப்போதுதான் உள்ளே வந்தார். சால்வையைப் போர்த்திக்கொண்டு எங்கள் கட்டிலிலேயே உட்கார்ந்தார். "இன்னா அண்ணே, இங்க வந்து பார்த்தியா, பேசறது எவ்ளோ கஷ்டம்னு?"

"பார்த்தேன் அக்கா. கீழ குந்தறத விட மேல குந்தறதுதான் கஷ்டம். வாயத் தொறக்க வுட மாட்றான்" என்றார் மாமா. அக்காவை விட மாமா மூத்தவர். அவர் இவரை அண்ணே என்பார், இவர் அவரை அக்கா என்பார். யாரும் கண்டுகொள்வதில்லை.

எப்படி ஆரம்பிப்பது என்று பேச்சு வந்தது. பாலாஜி எழுதியிருந்ததில் முதலில் கல்வெட்டு வந்தது. உத்திரமேரூர் என்றால் டெல்லியில் எல்லாருக்கும் அந்தக் கல்வெட்டுதான் தெரிகிறது. அக்காவைப் பார்க்க வாசலில் வந்து நின்ற ஒரு பத்திரிகைக்காரர் கூட, "ஓ, கல்வெட்டு ஊரா!" என்றுதான் கை கொடுத்தார். மாமாவுக்கும் அதில்தான் ஆசை. "ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே ஓட்டுப் போட்ட ஊருன்னு ஆரம்பிங்க அக்கா. அப்பிடியே நிமிர்ந்து குந்துவான்."

எனக்கு நேரத்தை நினைத்துப் பயம். கிடைப்பதே கொஞ்ச நேரம், தாண்டினால் மைக்கை நிறுத்திவிடுவார்களாம். "கல்வெட்டு அவங்களுக்கு முன்னாடியே தெரியும் அக்கா. ஈச்சமேடுதான் தெரியாது" என்றேன்.

"மாப்ளைக்கு ஊர்ப் பெருமையே கெடையாது" என்றார் மாமா.

"கீது மச்சான். ஆனா புள்ளைங்க அத்த வூட்ல கீதுங்க."

 அக்கா என் பக்கம் திரும்பினார். "எத்தினி புள்ளைங்க உனக்கு?" என்று கேட்டார். உங்கள் பேரைச் சொன்னேன். "பார்க்கலாம்" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் திரும்பவும் அதே மாடம். அன்றைக்குச் சபை அமைதியாக இருந்தது. ஒவ்வொருத்தராக எழுந்து பேசினார்கள். எங்களுக்கு மொழி புரியவில்லை, ஆனால் ஒவ்வொருத்தருக்கும் நேரம் முடிந்ததும் பேச்சு நிற்பது புரிந்தது. சில பேருக்குப் பாதி வாக்கியத்திலேயே மைக் போய்விட்டது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. எனக்கு மெட்ரோ கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்த மாமாதான் ஞாபகத்துக்கு வந்தார். 

தலைவர் அக்காவின் பேரைக் கூப்பிட்டார்.

அக்கா எழுந்தார். தாளைப் பார்த்தார். தமிழில் ஆரம்பித்தார். "மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே, என்னுடைய தொகுதியில் ஈச்சமேடு என்று ஒரு கிராமம் இருக்கிறது."

அடுத்த நொடி என் பக்கத்து இருக்கை காலி. ஏகாம்பரம் மாமா எழுந்து நின்றுவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, நம் ஊர்க் கூட்டத்தில் நிற்கிற மாதிரியே. அவர் யோசித்து எழவில்லை. ஊர்ப் பேர் காதில் விழுந்தது, கால் தானாக எழுந்தது. அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிற அந்த மாடத்தில் ஈச்சமேட்டுக்காக ஒரே ஒரு ஆள் நின்றார்.

காவலர்கள் இரண்டு பக்கமும் வந்துவிட்டார்கள். தோளில் கை வைத்து உட்காரச் சொன்னார்கள். மாமா மெதுவாக, கெஞ்சுகிற குரலில் சொன்னார்: "அக்கா பேசி முடிக்கட்டும் சார். முடிச்சதும் குந்திக்கிறேன்." அவர்களுக்கு அது புரியவில்லை. கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போதும் நிமிர்ந்துதான் போனார்.

என் கால் துடித்தது. நானும் எழுந்தால் என்னையும் கொண்டுபோவார்கள். அப்புறம் ஈச்சமேட்டிலிருந்து கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். கட்டையைப் போல் உட்கார்ந்திருந்தேன்.

கீழே அக்கா தலையைத் தூக்கி மேலே பார்த்தார். மாமா நின்றதையும் பார்த்தார், கொண்டுபோனதையும் பார்த்தார். மாடத்தில் இருப்பவர்களைப் பற்றிச் சபையில் பேசக் கூடாதாம். அவர் பேசவில்லை. தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"அந்த ஊருக்கு ஒரே வழி ஒரு தரைப்பாலம். மழைக்காலத்தில் அது தண்ணீருக்குள் போய்விடும். அந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்காகத் தாய் தகப்பனை விட்டு, சொந்தக்காரர் வீட்டில் போய்த் தூங்குகிறார்கள். மழை நின்றால்தான் தங்கள் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். வேறு எந்த ஊரிலும் மழை பெய்தால் பிள்ளை வீட்டுக்குள் வரும். எங்கள் ஊரில் மழை பெய்தால் பிள்ளை வீட்டை விட்டுப் போகும். அந்த ஓடைக்கு மேலே உயர்மட்டப் பாலம் வேண்டும். ஈச்சமேட்டுக்கு மட்டும் கேட்கவில்லை. தண்ணீரும் பனியும் மலையும் வழி மறிக்கிற எல்லா ஊருக்கும் சேர்த்துக் கேட்கிறேன்."

இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்தார். மைக் போய்விட்டது. ஆனால் பாலம் என்று சொன்ன பிறகுதான் போனது. 

உடனே இரண்டு மூன்று பேர் கையைத் தூக்கினார்கள். அதில் ஒருவர் மலை நாட்டுத் தொப்பி போட்டவர். எழுந்து என்னவோ சொல்லிவிட்டு, ஒரு சீட்டை எழுதிக் கொடுத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் நினைப்பெல்லாம் மாமாவைத் தேடி ஓடிக்கொண்டிருந்தது.

மாமாவை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்துப் பேர், ஊர், அப்பா பேர் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். அக்காவே நேரில் வந்து, இவர் என் தொகுதி ஆள், இது எங்கள் ஊர் வழக்கம், கலாட்டா இல்லை என்று சொல்லி அழைத்து வந்தார். பெரிய அதிகாரி ஒருவர் மாமாவை மேலும் கீழும் பார்த்தார். பாலாஜி பிறகு சொன்னான், அவர் கேட்டது இதுதானாம்: "கோஷம் போடாமல், காகிதம் வீசாமல், சும்மா நிற்பதற்காக ஒருத்தர் எழுந்தாரா?"

குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வரும் வரை மாமா தலை குனிந்தே இருந்தார். "உங்க பேரக் கெடுத்துட்டேன் அக்கா."

"இன்னாத்த கெடுத்த? நம்ம ஊர்ல எழுந்து நிப்போம். இங்க இன்னா பண்ணுவாங்க தெரியுமா? இது எங்க கொறையும்தான், என் பேரயும் சேத்துக்கோன்னு சீட்டு எழுதிக் குடுப்பாங்க. தொப்பி போட்டாரே, அவங்க ஊருக்குப் பனிக்காலத்துல வழியே கெடையாது. அவரு குடுத்துட்டாரு. நீ எழுதிக் குடுக்காம எழுந்து நின்ன. அவ்ளோதான்."

மாமாவின் முகம் தெளிந்தது. "அப்ப அவரும் நமக்காக நின்ன மாதிரிதான?"

"அதான்."

"கல்வெட்டு சொன்னீங்களா?"

அக்கா சிரித்தார். "கடசில சொல்லலாம்னு வச்சிருந்தேன். மைக் பூட்சி."

"அடடா, அதான் போச்சா!"

பேசியதால் உடனே பாலம் வந்துவிடாது என்று அக்கா ஒளிக்காமல் சொன்னார். ஊர்ப் பேர் சபையில் பதிவாகிவிட்டது, இனிமேல் இலாகாவில் போய் உட்கார்ந்து கேட்க எனக்குப் பிடி இருக்கிறது, விட மாட்டேன் என்றார். அவர் விட மாட்டார். தாளைக் கவிழ்த்து வைத்ததை நான் கண்ணால் பார்த்தவன்.

ரயிலில் திரும்பும்போது மாமாவுக்கு ஒரே குறை. ஊரே பார்த்துவிட்டு வா என்று அனுப்பியது, அவர் முதல் வரியோடு வெளியே போய்விட்டார். "இன்னா பேசினாங்க, சொல்லு மாப்ள." சொன்னேன். "திரும்ப சொல்லு." பிறகு பாலாஜி அந்தப் பேச்சை வீடியோவாகப் போனுக்கு அனுப்பினான். காதோடு வைத்துக்கொண்டு கேட்டார். படத்தில் அக்கா மட்டும்தான் வருகிறார், மாடம் வரவில்லை. "நான் நின்னது வரல பாரு" என்று பால் ஏஜெண்டிடம் கணக்குக் குறைந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "பரவால்ல. நின்னதுக்கு மாப்ள சாட்சி" என்றார். சொல்கிறேன் பிள்ளைகளே, சாட்சி சொல்கிறேன். உங்கள் மாமா நின்றார்.

நேற்று நெடுஞ்சாலை இலாகாவிலிருந்து ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். ஓடையை அளக்க வந்தவர்களால் ஓடையைத் தாண்ட முடியவில்லை. என் டிராக்டரில்தான் இந்தக் கரைக்கு வந்தார்கள். பாதி வழியில் தண்ணீர் ஷூவுக்குள் போனது. "எப்பவும் இப்படித்தானா?" என்று அதில் ஒருவர் கேட்டார். "இன்னிக்கு கொறவு சார்" என்றேன். இரண்டு கரையிலும் முளை அடித்துச் சிவப்புச் சாயம் பூசிவிட்டுப் போனார்கள். முளை அடித்த இடத்தில் பாலம் எழுந்ததும் உண்டு, முளையே மக்கிப்போனதும் உண்டு. இது எழும் என்று நான் சொல்கிறேன். கதிர், நீ எட்டாவது போவதற்குள் எழும்.

அவர்களைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. டிராக்டரைக் கரை மேல் நிறுத்திவிட்டு, சிவப்பு முளைக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தேன். வேறு யாரும் இல்லை. தண்ணீர் சத்தம் மட்டும். போனை எடுத்து அக்காவின் பேச்சைப் போட்டேன். ஈச்சமேடு என்று ஒரு கிராமம் இருக்கிறது என்றார். எழுந்து கையைக் கட்டிக்கொண்டேன். அவர் பேசி, மைக் போய், இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் நானும் உட்கார்ந்தேன்.